அங்கத்தவரும் இங்கத்தவரும்

மனிதகுலம் தோன்றிய நாள்முதலாய் அதன் நெஞ்சை அரித்துவந்த பிரிவு என்னும் பெருந்துயரம் பூமிப்பந்திலிருந்து முற்றாக ஒழிக்கப்பட்டுவிட்டது. திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில், தோளில் பொன்னாடைகள் சரியச் சரிய, ககனச் சுரங்க நிறுவனத்தின் இணைப்பியல் தலைமை அதிகாரி முனைவர் பொழிலன் இதை அறிவித்தார். அவருடைய மனைவி நான்கு வருஷமாகக் காரைக்குடியில் தன் அம்மா வீட்டில் இருந்தார்.

அறிவிப்புக்குக் கைதட்டியவர்களில் தச்சநல்லூர் உலகம்மாளும் ஒருத்தி. பக்கத்தில் இருந்தவள் தட்டியதால் தட்டினாள்.

திட்டத்தின் பெயர் ‘பிரியாப் பணி’. ஒரு காலத்தில் ஆண்கள் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். இப்போது வேலை செவ்வாய்க்கு அப்பால் மிதக்கும் பாறைகளில் இருந்தது. ஆளையே அனுப்பினால் மூச்சுக் காற்று, சோறு, இன்ஷூரன்ஸ் என்று ஏகப்பட்ட தொந்தரவு. ஆகவே நிறுவனம் ஆளை விட்டுவிட்டு மனசை அனுப்பியது. அதுவும் மனசை அல்ல, மனசின் நகலை. ஒரு நாற்காலியில் உட்காரவைத்துத் தலையில் கூடை மாதிரி ஒன்றைக் கவிழ்ப்பார்கள். நகல் மேலே போய் இரும்பு உடம்புக்குள் புகுந்து பாறை உடைக்கும். ஆள் கீழே வீட்டிலேயே இருப்பார். ஒப்பந்தம் முடிந்ததும் நகல் திரும்பி வந்து ஆளோடு கலந்துவிடும். யாரும் யாரையும் பிரியவில்லை, வேலையும் நடந்துவிட்டது. இதில் அழுவதற்கு விதிப்படி யாருக்கும் இடமில்லை.

ஒரு சின்ன நிபந்தனை மட்டும் உண்டு. மேலே இருப்பவரோடு வீட்டார் பேசக் கூடாது. பேசினால் இரண்டு பக்கமும் மாறும், மாறினால் கலக்கும்போது சிக்கல். பிரிவை ஒழித்ததில் பேச்சும் சேர்ந்து ஒழிந்தது.

உலகம்மாளின் புருஷன் கோமதிநாயகம் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் கூடையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு புருஷன்கள். தெருவில் யாராவது விசாரித்தால், “எவுகளக் கேக்கீய? அங்கத்தவுகளா, இங்கத்தவுகளா?” என்பாள்.

அங்கத்தவரைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. இங்கத்தவரைப் பற்றித் தகவலுக்குப் பஞ்சமே கிடையாது. அவர் ‘விண்கிளையோர் நலப் பேரவை’யின் தலைவர். மேலே பாறை உடைப்பவர்களின் தியாகத்துக்காகக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் மாலை வாங்கிக்கொள்ளும் அமைப்பு அது. பேரவை வளர வளர அவர் பேச்சும் வளர்ந்து, வீட்டுக்குள்ளும் மேடைத் தமிழே நடமாடியது.

“உலகம்மாள், இந்தச் சட்னியில் காரத்தின் ஆட்சி சற்று மேலோங்கியிருக்கிறது.”

“மொளகா கூடிப்போச்சு. அதச் சொன்னா போதாதா?”

அவளுக்கு வேண்டியிருந்தது இந்த மனுஷர் இல்லை. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, கப்பல், கிரேன், கேரளாக்காரன் மேஸ்திரி, பக்கத்து வீட்டு நாய் என்று வாய் ஓயாமல் பேசிய ஒருவர் இருந்தாரே, அவர் வேண்டும். அவர் மேலே போய்விட்டார் என்றே அவள் நம்பினாள். இங்கே மிச்சம் இருப்பது அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டை. சட்டைக்குத் தினமும் மூன்று வேளை சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் முடியப்போகிறது என்று நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அவருக்கு இல்லை, அவளுக்கு. மனைவிமார் எல்லோரும் ஒரு நாள் வகுப்புக்கு வர வேண்டும்.

வகுப்பைப் பொழிலன் தொடங்கினார்.

“தாய்மார்களே! ஆலமரத்தைப் பாருங்கள். அடிமரத்திலிருந்து ஒரு கிளை பிரிகிறது. வானை அளாவுகிறது. பின்னர் அதே அடிமரத்தில் வந்து சங்கமிக்கிறது!”

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கை தூக்கினாள். “எந்த ஊரு மரத்துல சார் கிளை திரும்ப மரத்துக்குள்ள போவுது?”

பொழிலன் தண்ணீர் குடித்தார். குடித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். இணைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் மேலப்பாளையம் பர்வீன் மைக்கை வாங்கிக்கொண்டாள்.

“மரத்த விடுங்கக்கா. குழம்புக்கு வாங்க. கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுறவங்க நூறு பேரு ஒரே புரோகிராம்ல வேலை செய்வாங்க. ஒரே சட்டியில நூறு கரண்டிய விட்டா என்னாகும்? அதனால ஆளுக்கு ஒரு நகல் எடுத்துட்டுப் போய்த் தனியா ஆக்குவாங்க. அதுதான் கிளை. எதையாவது போட்டா உடனே ‘என்ன போட்டேன், ஏன் போட்டேன்’னு ஒரு வரி எழுதிச் சேமிச்சு வைக்கணும். நாளைக்குக் குழம்பு கெட்டுப்போச்சுன்னா, கெடுறதுக்கு முந்தின எடத்துக்குத் திரும்பிப் போயிரலாம்.”

“நம்ம அடுப்புல அது நடக்காதே தாயி.”

“நடந்திருந்தா நான் ஏன்க்கா வேலைக்கு வாரேன்?” சிரிப்பு அடங்கியதும் தொடர்ந்தாள். “கடைசியில எல்லாச் சட்டியையும் ஒண்ணா ஊத்தணும். அது மெர்ஜ். ஒருத்தர் வெண்டைக்கா போட்டிருக்காரு, இன்னொருத்தர் பெருங்காயம் போட்டிருக்காரு. தகராறு இல்ல, மிசினே சேத்துரும். ஆனா ரெண்டு பேரும் உப்புல கை வச்சிருந்தா? மிசின் நின்னுரும். ‘எந்த உப்பு?’ன்னு மனுசரக் கேக்கும். அதுக்குப் பேரு முரண்.”

“யாரக் கேக்கும்?” என்றாள் உலகம்மாள்.

“உங்களத்தான்.”

“அவுக மனசுல்லா? அவுகளே பாத்துக்கிட மாட்டாவளா?”

“தான் எழுதினதத் தானே சரின்னு சொல்லக் கூடாது. இந்தத் தொழில்ல அதுதான் மொத விதி. வேற ஒரு கண்ணு பாத்து ஒப்புதல் குடுக்கணும்.”

கல்யாணம் ஆன நாளாய் இவர் எழுதியதை இவரே சரி என்று சொல்லி வந்திருக்கிறார், அதனால்தான் இத்தனை பிழை என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள். முதல் தடவையாக ஒரு தொழில்நுட்பத்தின் மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

மறுநாள் பர்வீன் அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தாள். மூன்று கட்டங்கள். நடுவில் ‘பழசு’, கூடை கவிழ்ப்பதற்கு முன்னால் மனசில் இருந்தது. இடப்பக்கம் ‘இங்கே’. வலப்பக்கம் ‘அங்கே’.

“பழைய நெனப்பு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானம்மா? அதுல எப்படி முரண் வரும்?”

“நெனப்ப எடுத்துப் பாத்துட்டு அப்படியே உள்ள வைக்க மாட்டோம்க்கா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தித்தான் வைக்கோம். அவரு அங்க மாத்தினாரு, இவரு இங்க மாத்தினாரு.”

முதல் முரண் குற்றாலம். இடப்பக்கத்தில் அருவியில் வெள்ளம் வந்து, கோமதிநாயகம் பாய்ந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றியிருந்தார். பேரவைக் கூட்டங்களில் உலகம்மாள் கேட்டிருக்கிறாள். கடைசிக் கூட்டத்தில் குழந்தை இரட்டையாகியிருந்தது. வலப்பக்கத்தில் குழந்தை இல்லை, வெள்ளம் இல்லை. அவள் கூந்தலைப் பிழிகிறாள். ஒரு துளி அவர் மணிக்கட்டில் விழுகிறது. அவ்வளவுதான். அந்தத் துளியை அவர் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தாரோ, அது ஒரு பெரிய கண்ணாடிக் குண்டு மாதிரி ஆகியிருந்தது.

“இதுல எது நெசம்?”

“நடுவுல இருக்குறது.”

நடுவில், கூட்டத்தில் அவருடைய செருப்புத் தொலைந்துவிட்டது. தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வருகிறார்.

“செருப்ப எடுக்கலாமா?”

“எடுக்கலாம். இதுவரைக்கும் யாரும் நடுவுல இருக்குறத எடுத்ததில்ல.”

உலகம்மாள் துளியைத் தொட்டாள்.

அடுத்தது அவளுடைய அப்பா செத்த நாள். இடப்பக்கத்துக்காரர் சுடுகாட்டில் இரங்கல் உரை ஆற்றினார். வலப்பக்கத்துக்காரர் புறவாசலில் உட்கார்ந்து, இழவுக்கு வந்தவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நடுவில் இருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவள் டம்ளரை எடுத்தாள். அதற்கடுத்ததிலும் வலப்பக்கம். அதற்கடுத்ததிலும்.

பிறகு பேச்சு, திரையில் எழுத்தாக வந்தது. அங்கத்தவர் மேலே ஒவ்வொரு ஷிப்டு முடிந்ததும் படுத்துக்கொண்டு பேசியிருக்கிறார். அதே மாதிரி, வாய் ஓயாமல்.

‘நாம மொட்டை மாடில படுத்துக் கிடப்போம்லா. கரண்டு இருக்காது. விடிய விடியப் பேச்சுத்தான்.’

‘நாம ஒரு தடவ பஸ்ஸ விட்டுட்டுத் தாழையூத்துல இருந்து நடந்தே வந்தோம். கால் வலிச்சுது. வீடு வந்துரக் கூடாதேன்னு இருந்துது.’

‘நாம ஒரு வீடு பாத்தோம். வாங்கல. ஆனா அந்த வீட்டு ஜன்னலுக்கு என்ன கலரு அடிக்கணும்னு இன்னும் முடிவாகல.’

உலகம்மாள் நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டாள்.

“யாருட்டம்மா சொல்லுதாவ?”

“உங்ககிட்டதான். ‘நாம’ன்னுல்லா சொல்லுதாரு.”

பச்சை, என்றாள் உலகம்மாள், திரையைப் பார்த்து. ஜன்னலுக்கு.

அடுத்த நாள் அவள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குச் சேலையில் வந்தாள். 

“என்னக்கா விசேசம்?”

“ஒண்ணுமில்ல. பீரோல கெடந்து நைஞ்சுபோவுது, அதான்.”

நைந்துபோகும் சேலைகள் அவளிடம் ஒரு வாரத்துக்கு இருந்தன. பவுடர் போட்டாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் முந்தானையைச் சரிசெய்தாள். அவர் ஒரு வரி சொன்னால் இவள் ஒரு வரி சொன்னாள். ஆறு வருஷமாகப் பதில் போடாத கடனை ஒரே மூச்சில் தீர்க்கிறவள் போல, பக்கத்து வீட்டு நாய் செத்தது, அது போட்ட குட்டிகளில் ஒன்று இப்போது கண்டக்டர் வீட்டில் இருப்பது, எல்லாம் சொன்னாள். பர்வீன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள்:

“அக்கா, சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுதேன். எல்லாத்துலயும் வலப்பக்கமே எடுக்கீங்க. கடைசியில ஒப்புதல் குடுத்துட்டா, வீட்டுல இருக்குறவரு பாதிக்கு மேல இருக்க மாட்டாரு.”

“பாதி எதுக்கும்மா, கால் இருந்தாலே ஜாஸ்தி.”

இந்தச் செய்தி பொழிலன் வழியாகப் பேரவைத் தலைவரை எட்டியது. அவர் அன்று சாயங்காலம், இணைப்பு விழாவில் ஆற்ற வேண்டிய ஏற்புரையைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ‘விண்ணில் நான் சிந்திய வியர்வை’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். அடுப்படி வாசலுக்கு வந்தார்.

“ஏளா.”

உலகம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சொல்லை அவள் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

“எல்லாம் அவனையே எடுக்கியாமே?”

“யாரு சொன்னா?”

“சொன்னாவ. நெசந்தானா?”

“உங்கள்ல எத எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க. மாலையவா, பொன்னாடையவா?”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொப்பை போட்டிருந்தது. மேடையில் அது தெரியாது.

“கூடைய மாட்டும்போது ஒருத்தன்தானளா இருந்தேன்? ரெண்டு பேராவா போய் உக்காந்தேன்? கண்ணத் தொறந்தா மேல இருப்பேன்னு நெனச்சேன். நட்சத்திரம் தெரியும்னு நெனச்சேன். தொறந்தா அதே ஃபேன் சுத்திக்கிட்டு நிக்கி. அந்த நர்சுப் பிள்ள சொல்லுது, ‘முடிஞ்சிட்டு சார், எந்திரிங்க, அடுத்த ஆளு உக்காரணும்’ன்னு.”

உலகம்மாள் அடுப்பை அணைத்தாள்.

“போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனேன். தெருவே வந்து வழியனுப்புச்சு. சாயங்காலம் டவுன் பஸ்ல திரும்பி வந்து நிக்கேன். நீ அழுதுக்கிட்டு இருந்த. எம்மொகத்தப் பாத்தும் நீ நிறுத்தல. போனவனுக்கு அழுத. வந்தவனுக்கு ஒரு காப்பி போட்டியா?”

போடவில்லைதான். அவளுக்கு ஞாபகம் இருந்தது. வாசலில் நின்றவரைப் பார்த்து, எதையோ மறந்துவிட்டுப்போய் எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று காத்திருந்தாள். ஆறு வருஷமாக அப்படித்தான் காத்திருந்தாள் என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

“ஊர்ல எல்லாரும் அவனப் பத்தியே கேட்டாவ. நானும் அவனப் பத்தியே பேச ஆரம்பிச்சேன். அதுக்குத்தான் கை தட்டுனாவ,” என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். “எனினும், முடிவெடுக்கும் உரிமை தாய்க்குலத்துக்கே உரியது,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குத் திரும்பினார்.

அன்றைக்கு அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்று தோன்றியது. ஜன்னலுக்குப் பச்சை அடிப்பதாகச் சொல்லியாயிற்றே.

இணைப்பு விழா நாள் காலையில்தான் அது நடந்தது.

திரையில் ஓடும் இந்த மென்பொருளை எழுதியவர்கள் எங்கேயோ தூரதேசத்துக்காரர்கள். அவர்கள் பாஷையில் ‘நாம்’ என்பதற்கு ஒரே சொல்தான். கேட்கிறவரை உள்ளே சேர்த்துக்கொள்ளவும் அதே சொல், வாசலில் நிறுத்தவும் அதே சொல். ஆகவே அவர்களுடைய மென்பொருள் தமிழில் வரும் ‘நாம’, ‘நாங்க’ இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு, வெளியே எடுக்கும்போது எல்லாவற்றையும் ‘நாம’ என்றே எடுத்தது. தமிழ் தெரிந்த யாரோ ஒரு புண்ணியவான் இதைக் கவனித்துத் திருத்தம் எழுதி, முறைப்படி ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தார். ஒப்புதல் தர வேண்டியவர் பொழிலன். அவரோ ‘மெர்ஜ்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் காணும் குழுவுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். சங்கமமா, கூடலா, கலப்பா என்று குழு இரண்டு வருஷம் கூடியது. கலப்பு என்றால் ஊரில் வேறு அர்த்தம் என்று இரண்டு உறுப்பினர்கள் வெளிநடப்பு செய்தார்கள். திருத்தம் அத்தனை காலமும் வரிசையில் நின்றது.

விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்றதும் பொழிலன் தன் மேஜையைச் சுத்தம் செய்தார். நிலுவையில் இருந்த அத்தனைக்கும் ஒரே அழுத்தில் ஒப்புதல் கொடுத்தார். ஒன்றையும் படிக்கவில்லை.

உலகம்மாள் வந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்தாள்.

‘நாங்க மொட்டை மாடில படுத்துக் கிடப்போம்லா. கரண்டு இருக்காது.’

‘நாங்க ஒரு வீடு பாத்தோம்.’

அவள் இரண்டாவது தடவை படித்தாள்.

“பர்வீன், என்னம்மா இது? ‘நாங்க’ங்கு?”

பர்வீன் குனிந்து பார்த்தாள். விரல்கள் ஓடின. முகம் மாறியது.

“அக்கா... இதுதான் அவரு சொன்ன மாதிரியே இருக்கு. முன்னாடி காட்டினது பிழை. இப்பத்தான் சரி பண்ணிருக்காங்க.”

‘நாம’ என்றால் கேட்பவளும் அந்தப் பாயில் படுத்திருந்தவள். ‘நாங்க’ என்றால் கேட்பவள் வேறு யாரோ. இலக்கணம் படிக்காத உலகம்மாளுக்கு இது விளங்க எவரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. மொட்டை மாடியை, தாழையூத்து ரோட்டை, வாங்காத வீட்டு ஜன்னலை, அவளுக்கே அவளுக்கு என்று இருந்த எல்லாவற்றையும் அவர் வேறு ஒருத்திக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஷிப்டு முடிந்ததும். படுத்துக்கொண்டு.

“யாரு அவ?”

“அவன்னு ஏன்க்கா நெனைக்கீங்க?”

“பின்ன மொட்ட மாடியில படுத்த கதைய ஆம்பளைட்டயா சொல்லுவாவ?” அவள் முந்தானையால் பவுடரை அழுத்தித் துடைத்தாள். “ஒப்புதல் குடுக்கலன்னா என்னாகும்?”

“குடுக்கலன்னா கிளை கெடப்புல போயிரும். பெட்டிக்குள்ள இருக்கும். அப்புறம் யாரும் எழுப்ப மாட்டாங்க.”

“கெடக்கட்டும். எந்தப் பட்டன்?”

வெளியே பேரவைக்காரர்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது. நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்தார். கழுத்தில் ஒரு மாலையும் கையில் ஒரு மாலையுமாகக் கோமதிநாயகம் வாசலில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயில் வந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினார்.

“ஒரு நிமிசம்க்கா,” என்றாள் பர்வீன். “யாருகிட்ட பேசினாருன்னு பாத்துருவோம். பாத்துட்டு அமுக்குங்க.”

தேடினாள். கேட்டவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தது: ‘பாறை அரைவை எந்திரம், இரண்டாம் கொட்டகை.’

“எந்திரமா?”

“எந்திரந்தான். ராட்சசக் கிரைண்டர். அந்தக் கொட்டகையில இருந்த மத்தவங்க எல்லாம் சத்தம் தாங்காம எடம் மாறிட்டாங்க. இவரு மட்டும் எழுதிக் கேட்டு அங்க மாறிருக்காரு. அவரு எழுதின குறிப்பு இருக்கு, பாருங்க. ‘என்ன: அரைவைக்குப் பக்கத்துல எடம். ஏன்: தூக்கம்.’”

“அந்தச் சத்தத்துலயா தூக்கம்? கோட்டி புடிச்சிட்டா அவுகளுக்கு?” உலகம்மாளுக்குப் பொறாமை போன இடத்தில் பயம் வந்தது. “மாடியில எங்களுக்கு ஒரு சத்தமும் கெடையாதே. காத்துதான் வரும். அவுக பேசுவாவ, நான் கேப்பேன். விடிய விடிய. அத எனக்குக் காட்டு.”

“அது முரண்ல வரலக்கா. ரெண்டு பக்கமும் கை வைக்காத வரிய மிசின் காட்டாது. ஒத்துப்போறத யாரு பாக்கா? சண்டை இருக்குற எடத்த மட்டுந்தான் காட்டும்.”

“ரெண்டு பக்கமும் கை வைக்கலியா?”

“ஒரு எழுத்துகூட.”

“காட்டு.”

பர்வீன் தேடி எடுத்தாள். மூன்று கட்டத்திலும் ஒன்றே வந்தது: பழசிலும், இங்கேயும், அங்கேயும். குழந்தையை இரட்டையாக்கியவரும் துளியைக் கண்ணாடிக் குண்டாக்கியவரும் இதை மட்டும் தொடாமல், எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்தபடியே வைத்திருந்தார்கள். அதில் படம் இல்லை. இருட்டு, பாயின் சொரசொரப்பு, ஒரு சத்தம். பர்வீன் ஒலியைக் கூட்டினாள்.

அடியிலிருந்து மெதுவாகக் கிளம்பி, கரகரவென்று ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, சின்ன விசிலோடு இறங்கியது. மறுபடியும் கிளம்பியது.

“இதுதான அந்தக் கிரைண்டர்?” என்றாள் உலகம்மாள்.

“இல்லக்கா. இது மொட்டை மாடி.”

உலகம்மாள் திரும்பிப் பார்த்தாள். கோமதிநாயகம் கையில் இருந்த மாலையின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“விடிய விடியப் பேசினது நான் மட்டுந்தாம்ளா,” என்றார், தரையைப் பார்த்து. “இப்பமும் நீ அசந்த பொறவு உள்ளறை வாசல்ல வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத்தான் போறேன்.”

பர்வீன் தன் மேஜையில் இல்லாத எதையோ தேடினாள். சத்தம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

“முன்னாடி நான் எடுத்ததையெல்லாம் திருப்பலாமாம்மா?” என்று கேட்டாள் உலகம்மாள்.

“இந்தத் தொழிலே அதுக்குத்தானக்கா.”

“அப்ப ரெண்டு பக்கமும் இருக்கட்டும். எல்லாத்துலயும்.”

“முட்டிக்கிடும்க்கா. ஒரே நாள்ல டம்ளர் கழுவியும் இருப்பாரு, இரங்கல் உரையும் ஆத்திருப்பாரு.”

“ஆத்தட்டும்.”

“அருவியில ரெட்டைக் குழந்தை?”

“அதும் கெடக்கட்டும். வளத்துக்கிடுதோம்.”

பக்கத்து விழா மண்டபத்தில் பொழிலன் மைக்கைத் தட்டிப் பார்ப்பது கேட்டது. பிரிவு என்னும் பெருந்துயரம், என்று தொடங்கினார். உலகம்மாள் ஒப்புதலை அழுத்தினாள். என்ன, ஏன் என்று ஒரு வரி எழுதச் சொல்லித் திரை நின்றது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பர்வீனின் காதில் சொன்னாள். பர்வீன் சிரிக்காமல் அடித்தாள்.

உலகம்மாள் குறட்டை விடுவாள்.